காற்று முப்பந்தலில், கணக்கு கோயம்புத்தூரில்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பணகுடி தாண்டியதுமே இருபுறமும் காத்தாடிகள் தென்படத் தொடங்கிவிடும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் டிரைவர் காணிக்கை போட்டுவிட்டு வண்டியை எடுக்கும்போது, ஆனி ஆடி மாதமாக இருந்தால், பஸ்ஸே ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதுபோல இருக்கும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஈரத்தையெல்லாம் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் என்ற இந்த இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை கணவாய்களிலும் இதே கதைதான். ஆனால் இங்கே மலை கடலுக்கு மிக அருகில் முடிவதால் காற்றின் வேகம் கூடுதல். 1752இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட குன்றுக்குக் காற்றாடிமலை என்று பெயர் வைத்தவர்களுக்கு டர்பைன் பற்றி ஒன்றும் தெரியாது. காற்று பற்றித் தெரிந்திருந்தது.

கோபுரங்களின் அடியில் உள்ள இரும்புக் கதவுகளில் கம்பெனிப் பெயரும் மின்வாரிய இணைப்பு எண்ணும் எழுதியிருக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே நடந்தால் நாஞ்சில் நாட்டுப் பெயர்கள் அதிகம் அகப்படாது. கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களும், சிமென்ட் கம்பெனிகளும், மோட்டார் உதிரிபாகக் கம்பெனிகளும்தான் பெரும்பாலும் வரும். குமரி, நெல்லை மாவட்ட எல்லையில் பரந்து கிடக்கும் இந்தத் தொகுப்பின் திறன் சுமார் 1,500 மெகாவாட் என்று சொல்லப்படுகிறது. தமிழ்நாடு முழுவதற்குமான காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பல ஆண்டுகள் நாட்டில் முதலிடத்தில் இருந்த மாநிலம் அண்மையில்தான் குஜராத்திடம் அதை இழந்தது.

ஆக, உற்பத்தி நிறுவனம் ஒன்று புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தன் கார்பன் உமிழ்வைக் குறைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு உலகம் பதில் தேடத் தொடங்குவதற்கு முன்பே முப்பந்தலில் செய்முறை நடந்து முடிந்துவிட்டது. என்ன, அதைச் செய்தவர்கள் கார்பனைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைத் தொகுப்பு 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. ஒவ்வொரு இயந்திரமும் சில பத்து கிலோவாட் திறன்தான். தொடர்ந்து மின்வாரியம் 1993 வரை கயத்தாறு, முப்பந்தல், புளியங்குளம், கேத்தனூர் என்று மாதிரித் திட்டங்களாக 120 காற்றாலைகளை நட்டது. எல்லாம் சேர்த்து 19 மெகாவாட் சொச்சம். கயத்தாறிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவி இருந்தது. 'காற்று இருக்கிறது, இயந்திரம் ஓடுகிறது' என்று ஊருக்குக் காட்டியதோடு அரசின் வேலை ஏறக்குறைய முடிந்தது. அதன் பிறகு வந்தது வருமான வரிச் சட்டம்.

காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம் என்ற சலுகைதான் 1990களில் முப்பந்தலைக் கட்டியது. நல்ல லாபம் பார்த்த மில் முதலாளிக்கு ஆடிட்டர் சொல்லும் முதல் யோசனை மார்ச் 31க்குள் ஒரு காத்தாடி வாங்குங்கள் என்பதாக இருந்தது. வரி மிச்சமானால் போதும், இறக்கை சுற்றினால் என்ன சுற்றாவிட்டால் என்ன என்று இருந்தவர்களும் உண்டு. காற்று குறைந்த இடத்தில் நட்டதும், பழுது பார்க்காமல் விட்டதும் அந்தக் காலத்து ஊரறிந்த குறைகள். பிறகு தேய்மானம் 80 சதவீதமானது. 2012இல் சலுகை போய், 2014இல் திரும்பி வந்து, 2017இல் 40 சதவீதமாகச் சுருங்கியது. 2009இலிருந்து சில ஆண்டுகள் மத்திய அரசு யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை கொடுத்தது. நட்டதற்குப் பணம் என்பது உற்பத்தி செய்ததற்குப் பணம் என்று மாறியதில் புத்தி இருந்தது.

வரியைவிட வலுவான காரணம் பின்னால் வந்தது. 2008 நவம்பரில் தமிழ்நாட்டு உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. நூற்பு மில் நாளெல்லாம் ஓடினால்தான் பிழைக்கும். டீசல் ஜெனரேட்டரில் நூல் நூற்றால் நூல் விலைக்குக் கட்டாது. சொந்தக் காத்தாடி வைத்திருந்த மில்கள் தப்பிப் பிழைத்தன என்று கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மின்வெட்டு ஓய்ந்த பிறகு கட்டண உயர்வு வந்தது. மின்வாரியத்தின் உயரழுத்தக் கட்டணம் இப்போது யூனிட்டுக்கு ஏழு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கடன் அடைந்த பழைய காத்தாடியில் ஒரு யூனிட் எடுக்க ஆகும் செலவோ பராமரிப்பும் மின்வாரியம் பிடித்துக்கொள்ளும் கட்டணங்களும்தான்.

ஏற்பாடு இப்படி. மில் கோயம்புத்தூரில், காத்தாடி முப்பந்தலில். இங்கே உற்பத்தியாகும் யூனிட் மின்வாரியத்தின் கம்பியில் ஏறுகிறது. அங்கே மில்லின் மீட்டரில் ஓடிய யூனிட்டிலிருந்து அது கழிக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் 2005 விதிகளும் சொந்த உபயோக உற்பத்தி என்றால் என்ன என்று வரையறுத்தன: பயன்படுத்துகிறவர்கள் மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்த வேண்டும். தனியாகக் காத்தாடி வாங்க வசதியில்லாத சிறிய மில்லும் பத்துப் பேரோடு பங்கு சேர வழி இதில்தான் திறந்தது. பெரியவர்களும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். ஹூண்டாய் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்காக 2024 நவம்பரில் ஃபோர்த் பார்ட்னர் எனர்ஜியோடு செய்த ஒப்பந்தம், 75 மெகாவாட் சூரியசக்தி, 43 மெகாவாட் காற்று, 26 சதவீதப் பங்கு என்ற அதே கணக்குதான். கே.பி.ஆர். மில் போன்ற ஜவுளிக் குழுமங்களோ சொந்தமாகவே 60 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கின்றன.

இனி கார்பன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1990களில் நட்ட 225 கிலோவாட் இயந்திரம் ஒன்று, முப்பந்தல் மாதிரி இடத்தில், ஆண்டுக்கு நாலரை லட்சம் யூனிட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அப்படியானால் அந்த ஒரு காத்தாடியின் பேரில் ஆண்டுக்குச் சுமார் 315 டன். 30,000 கதிர் ஓடும் நூற்பு மில் ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட்டை எளிதாக விழுங்கும். அதாவது 7,000 டன். அந்த மில் 22 பழைய காத்தாடிகளோ, புதிய 2 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டோ வைத்திருந்தால் மின்சாரக் கணக்கில் உமிழ்வு பூஜ்யம் என்று அறிக்கையில் அச்சடித்துவிடலாம். இரும்பும் கான்கிரீட்டும் கண்ணாடியிழையும் செய்ய ஆகும் உமிழ்வையும் சேர்த்தாலும் காற்று மின்சாரம் யூனிட்டுக்கு 11, 12 கிராம்தான். நிலக்கரிக்கு அது 820 கிராம் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் (ஐ.பி.சி.சி.) 2014 அறிக்கை சொன்னது. அந்தப் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சந்தேகம் வருவது வேறு இடத்தில். முப்பந்தல் காத்தாடி மே முதல் செப்டம்பர் வரை வெறிபிடித்து ஓடும். ஐப்பசி பிறந்தால் அடங்கிவிடும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மில்லோ பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக ஓடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பேங்கிங். காற்று சீசனில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியத்திடம் வரவு வைத்துவிட்டு, நிதியாண்டு முடிவதற்குள் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். கும்பப்பூ அறுவடையைப் பத்தாயத்தில் கொட்டி வைத்து ஆண்டு முழுவதும் அளந்து எடுப்பது போன்றது என்று தோன்றும். பத்தாயத்தைத் திறந்தால் நெல் இருக்கும். மின்வாரியத்தின் பேங்கிங்கில் மின்சாரம் இருக்காது. ஆடி மாதம் வந்த யூனிட்டை ஆடி மாதமே யாரோ எரித்துத் தீர்த்தாகிவிட்டது. தை மாதம் மில் 'தன்' காற்று யூனிட்டை எடுக்கும்போது உண்மையில் ஓடுவது தூத்துக்குடியிலோ வடசென்னையிலோ எரியும் நிலக்கரி. ஆடியில் நிலக்கரி மிச்சமானது நிஜம். ஆனால் ஆடி மாலையில் மிச்சமாகும் நிலக்கரியின் அளவும் தை மாத விடியலில் கூடுதலாக எரியும் அளவும் ஒன்றேதான் என்று யாரும் அளந்து சொல்லவில்லை, 0.7 என்ற ஒரே சராசரியால் இரண்டையும் பெருக்கிவிடுகிறோம்.

மின்வாரியமும் இந்த முரணை அறியும், அதன் கோணம் பணம். சீசனில் காற்று மின்சாரத்தை வாங்கி வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் நெடுநாள் புலம்பல். அதனால் 5 சதவீதமாக இருந்த பேங்கிங் கட்டணம் படிப்படியாக இரட்டை இலக்கத்துக்கு ஏறியது. 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு ஆண்டு பேங்கிங்கே கிடையாது என்றானது. மில்காரர்களுக்கு இது பெரிய அடி. கார்பன் கணக்கு நேர்மையாக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கோ, தற்செயலாகவேனும், இது சரியான திசையில் ஒரு தள்ளு. ஏனென்றால் ஆண்டு பேங்கிங் இல்லாத மில் என்ன செய்யும்? கூரையில் சோலார் போடும், காற்று இல்லாத மாதங்களில் பகலுக்கு வெயிலை நம்பும். இராமநாதபுரத்துக் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரியசக்தி நிலையத்திலிருந்து தொடங்கி தென்மாவட்டங்களில் சோலார் ஏற்கெனவே பெருகிவந்தது; புதிய ஒப்பந்தங்களில் காற்றும் வெயிலும் சேர்ந்தே வருவதற்கு பேங்கிங் போனதும் ஒரு காரணம்.

உலக அளவிலும் விவாதம் இங்கேதான் வந்து நிற்கிறது. கம்பெனிகளின் உமிழ்வுக் கணக்குக்கு உலகமெங்கும் பின்பற்றப்படும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் உமிழ்வை மூன்று வகையாகப் பிரிக்கிறது: சொந்த வளாகத்தில் எரிப்பது, வாங்கும் மின்சாரம், மற்றவர்கள் வழியாக வருவது. வாங்கும் மின்சாரத்துக்கு 2015இலிருந்து இரண்டு விதமாகக் கணக்குக் காட்டச் சொல்கிறது. ஒன்று அந்த இடத்து மின்தொகுப்பின் சராசரி. மற்றது ஒப்பந்தப்படி யாருடைய மின்சாரம் என்பது. முதல் முறையில் நம் மில்லின் உமிழ்வு 7,000 டன். இரண்டாம் முறையில் பூஜ்யம். ஒரே மில், ஒரே நூல். 2025 அக்டோபரில் கலந்தாய்வுக்கு விடப்பட்ட வரைவு, இரண்டாம் முறையில் மணிக்கு மணி பொருத்திக் காட்ட வேண்டும் என்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் தை மாதத்து பேங்கிங் யூனிட் கார்பன் கணக்கில் செல்லாது. ஐரோப்பாவுக்கு ஆடை ஏற்றுமதி செய்கிறவர்கள் இப்போதே இதைப் பார்த்து வைப்பது நல்லது. செபி, முதல் 1,000 பங்குச்சந்தைக் கம்பெனிகளுக்கு 2022-23இலிருந்து கட்டாயமாக்கிய அறிக்கை இந்தப் பிரிவுகளைத்தான் கேட்கிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் கார்பன் வர்த்தகத் திட்டத்தின் பட்டியலில் ஜவுளியும் இருக்கிறது.

விற்ற பொருளைத் தனதென்று சொல்லிக்கொள்வது இன்னொரு தொல்லை. கியோட்டோ உடன்படிக்கைக் காலத்தில், தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் (டாஸ்மா) தன் உறுப்பினர்களின் காத்தாடிகளை ஒரே கட்டாகத் திரட்டி, ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவு செய்து கார்பன் வரவு பெற்றது. சங்கமாகச் சேர்ந்து செய்ததில் உள்ள சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு காத்தாடிக்காரர் தனியாக ஐ.நா. வரை போயிருக்க முடியாது. ஆனால் ஐரோப்பாவுக்கு விற்ற வரவை மில் தன் குறைப்பாகவும் எழுதக் கூடாது. புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழை விற்றவர்களுக்கும் இதே விதி. வரிச்சலுகைக்காக எப்படியும் வந்திருக்கும் காத்தாடிக்குக் கார்பன் வரவு எதற்கு என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. கேட்டவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2012க்குப் பிறகு அந்த வரவின் விலை ஒரு யூரோவுக்குக் கீழே விழுந்ததும் விவாதமும் தானாக அடங்கியது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: காத்தாடி கதிரைச் சுழற்றும், கொதிகலனைச் சூடாக்காது. நூற்பு மில்லுக்கு வேண்டியதில் பெரும்பங்கு மின்சாரமே என்பதால்தான் முப்பந்தல் சூத்திரம் அவர்களுக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த கட்டமான சாயப்பட்டறைக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே வேண்டியது நீராவி. அதற்கு விறகு, நிலக்கரி. நொய்யல் ஆற்றுக்காக நடந்த நீண்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு அங்கே தவிர்க்க முடியாததானது. உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க எவ்வளவு எரிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றைக் காப்பாற்றியதற்குப் புகைபோக்கியில் விலை கொடுக்கிறோம். திருப்பூர் தான் செலவழிப்பதைவிட அதிக பசுமை மின்சாரம் தயாரிப்பதாகப் பெருமைப்படுவது மின்சாரத்தைப் பொறுத்தவரை நியாயம்தான். கொதிகலன் அந்தப் பெருமைக்குள் வராது.

நாஞ்சில் நாட்டுக்கும் அதைச் சுற்றிய குமரி மாவட்டத்துக்கும் இந்த ஓட்டை இன்னும் நேரடியானது. இங்குள்ள தொழில்களை வரிசையாகப் பாருங்கள். காத்தாடிகளின் காலடியிலேயே, தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம், செங்கல் சூளைகள். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகையிட்டுக் காயவைக்கும் புகைக்கூடங்கள். மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் அண்டி, அதாவது முந்திரிக் கம்பெனிகள். கொட்டையை நீராவியில் வேகவைப்பதற்கு அண்டித்தோடே எரிபொருள். எல்லாம் சூடு சார்ந்தவை, எல்லாம் விறகும் தோடும் எரிப்பவை. கார்பன் கணக்கு விதிகளின்படி விறகிலிருந்து வரும் வாயு தனியாக எழுதப்படும். மரம் மறுபடி வளர்ந்து அதை உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் முதல் வகையில் சேர்வதில்லை. மறுநடவுக்காக வெட்டும் ரப்பர் மரத்துக்கு அந்த நம்பிக்கை பொருந்தும். சூளைக்குப் போகும் ஒவ்வொரு லோடுக்கும் பொருந்துமா என்று கேட்டால் தலையாட்ட முடியாது. புகைக்கூடத்துக்குச் சூரிய உலர்த்தி உதவும். ஆனால் ரப்பர் வட்டாரத்துக்கு மழை கூடுதல், ஆனி ஆடியில் வெயிலை நம்பி ஷீட் போட முடியாது. அண்டிக் கம்பெனியின் கொதிகலனை மின்சாரத்துக்கு மாற்றுவது தொழில்நுட்பத்தில் எளிது. உயரழுத்தக் கட்டணத்தில் எடுபடாது. சொந்தக் காற்றாலை மின்சாரம் கிடைத்தால் எடுபடலாம். ஆனால் கோபுரத்துக் கதவில் அவர்கள் பெயர் இல்லையே.

ஆரல்வாய்மொழியிலேயே கன்னியாகுமரி மாவட்டக் கூட்டுறவு நூற்பாலை இருக்கிறது. கணவாயின் வாசலிலேயே கட்டிய நூற்பாலை அது. காற்று ஊருக்குப் பொதுவானதுதான். ஆனால் அதை யூனிட்டாக மாற்றிக்கொள்ள வரி கட்டும் அளவுக்கு லாபம் வேண்டும், கடன் வாங்கும் தகுதி வேண்டும், ஆடிட்டர் வேண்டும். கோவை மில்களிடம் இவை இருந்தன. கூட்டுறவுக்கும் சூளைக்காரருக்கும் இருக்கவில்லை. நிலம் விற்ற பணமும், காவல் வேலையும், காற்றாலை பராமரிக்கும் டெக்னீஷியன் வேலையும் உள்ளூருக்கு வந்தன. இதை அநியாயம் என்று கூவ வேண்டியதில்லை. ஆனால் மாவட்டத்தின் கார்பன் கணக்கை யாராவது போட்டால், காத்தாடி நிறைந்த மண்ணில் உள்ளூர் உற்பத்தித் தொழில்கள் அதனால் கொஞ்சமும் மாறவில்லை என்பது முதல் பக்கத்திலேயே வரும். இத்தனைக்கும் இந்த மாவட்டத்துக்குப் பசுமை மின்சாரம் புதிதல்ல; கோதையாறு நீர்மின் நிலையங்கள் இரண்டும் சேர்த்து 100 மெகாவாட், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகின்றன.

இப்போது இந்தக் கணக்கைத் திருத்தி எழுத ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நாட்டிலேயே நல்ல காற்றடிக்கும் இடங்களில் முப்பது மீட்டர் உயரத்து 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் முதுமை எய்தி நிற்கின்றன. அதே இடத்தில் 120, 140 மீட்டர் உயரத்துக்கு இன்றைய இயந்திரத்தை வைத்தால் ஒன்று பத்துக்கு ஈடாகும். இதற்காக 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தனிக் கொள்கை வெளியிட்டது. உரிமையாளர்கள் தயங்குவதற்குக் காரணங்கள் தெளிவு. பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். பக்கத்துப் பக்கத்து நிலம் நாலைந்து மில்களின் பெயரில் இருக்கிறது. துணைமின் நிலையத்தின் கொள்ளளவு பழைய கணக்கில் கட்டியது. சீசன் உச்சத்தில் மின்வாரியம் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன ஆண்டுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய இயந்திரம் வைத்தால் பழையதற்கு இருக்கும் ஆண்டு பேங்கிங் போய்விடும் என்ற அச்சம். கடன் அடைந்த கிழட்டுக் காத்தாடி ஆண்டுக்கு நாலு லட்சம் யூனிட் கொடுத்து, அதை மார்ச் வரை வைத்து எடுக்கவும் முடிகிறது என்றால், முதலாளி ஏன் கை வைக்கப் போகிறார்? கழற்றிய கண்ணாடியிழை இறக்கைகளை எங்கே கொண்டு போடுவது என்ற கேள்வி வேறு.

பேங்கிங்கை ஒரேயடியாக ஒழிக்காமல், காத்தாடி மறுநடவு செய்கிறவர்களுக்குப் பழைய உற்பத்தி அளவுக்கு மட்டும் சில ஆண்டுகள் விட்டுக்கொடுத்து, கூடுதலாக வருவதை மாதக் கணக்கில் தீர்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்பது என் எண்ணம். கூடுதல் உற்பத்தியில் ஒரு பங்கை மாவட்டத்துச் சிறுதொழில்கள் 26 சதவீத விதியின் கீழ் கூட்டாக வாங்க மாவட்டத் தொழில் மையம் நடுவில் நிற்கலாம். டாஸ்மா மில்களை ஒரே கட்டாகத் திரட்டியதுபோல அண்டிக் கம்பெனிகளையும் ரப்பர் ஷீட்காரர்களையும் திரட்ட ஒரு சங்கம் வேண்டும். அப்படி வாங்கிய மின்சாரம் ஆனி முதல் ஆவணி வரைதான் மலிவாகக் கிடைக்கும். மழையால் ஷீட் காயாத மாதங்களும் அவையேதான்.